ஜன்னலுக்கு வெளியே இருந்த பச்சைப் பூஞ்சை

இன்று காலை சாலைக் கடைத்தெருவில், நேற்று விற்காத செவ்வந்தியை ஒரு பூக்கடைக்காரர் ஈரச் சாக்கோடு ஓரமாகத் தள்ளிவிட்டிருந்தார். மழையில் ஊறி அது புளிப்பும் இனிப்புமாக நாறியது. மற்றவர்கள் மூக்கைப் பொத்திக்கொண்டு கடந்தார்கள். நான் நின்றுவிட்டேன். அது உன் வீட்டுப் பின்கட்டின் வாடை. நீ போய் ஒரு வருஷமும் சில நாட்களும் ஆகின்றன. போனவர்களைப் பற்றி நல்லதையே சொல்ல வேண்டும் என்பார்கள். எனக்கு அது கைவரவில்லை.

கல்லூரியில் நாம் இருவரும் தாவரவியல். நீ வலியசாலை அக்கிரகாரத்திலிருந்து வருவாய், நான் ஆரியசாலையிலிருந்து. ஒரே பஸ். தேர்வுக் காலத்தில், "நீ சொல்லிண்டே வாடி, நான் கேட்டுண்டே வரேன். நோக்கு ரிவிஷன் ஆச்சு, நேக்குப் படிச்சாச்சு" என்பாய். பூஞ்சைகள் எப்படி உணவு எடுக்கின்றன என்பதை உனக்கு அந்த பஸ்ஸில்தான் சொன்னேன். அவற்றுக்கு வாய் கிடையாது, வயிறு கிடையாது. செடியைப்போல வெயிலில் உணவு ஆக்கிக்கொள்ளப் பச்சையமும் கிடையாது. நாம் தின்றபின் செரிக்கிறோம், அவை செரித்தபின் தின்கின்றன. மரமோ வைக்கோலோ, எதன்மேல் படர்கின்றனவோ அதன்மேல் தம் நூல்களிலிருந்து நொதிகளைக் கசியவிடும். அது அங்கேயே கரையும். கரைந்ததை நூல்கள் உறிஞ்சிக்கொள்ளும்.

"அப்போ சமையலும் ஜீரணமும் ஒண்ணாவே ஆயிடறது, அல்லே? பாத்திரம் தேய்க்க வேண்டாம், பாக்யசாலி" என்று சிரித்தாய். அந்தப் பாடம் தேர்வில் வந்தது. உனக்கு என்னைவிட மதிப்பெண் அதிகம். நீ படம் நன்றாக வரைவாய்.

பல வருஷம் கழித்து, உன் வீட்டுப் பழைய சாமான் அறையில் சிப்பிக் காளான் வளர்க்கலாம் என்று நீ கூப்பிட்டபோது நான் ஓடி வந்தேன். மருந்துக் கடை வேலைக்குப் போய்க்கொண்டிருந்த எனக்குப் படித்தது கைக்குத் திரும்பி வந்ததுபோல இருந்தது. வைக்கோலை எவ்வளவு நேரம் ஊறவைப்பது, எப்படி வேகவைப்பது, பிழிந்தால் சொட்டாத அளவுக்கு எப்படி உலர்த்துவது என்று ஒவ்வொன்றாகக் கெடுத்துக் கெடுத்துக் கற்றேன். நீ பையில் அடைப்பாய். உத்தரத்தில் வரிசையாகத் தொங்கிய அந்தப் பைகளை இந்த மலையாள ஊர்க்காரர்களைப்போல நாமும் 'பெட்' என்றோம். ஒரு காளானையும் நீ ருசித்ததில்லை. உங்கள் சமையலறைக்குள் அது நுழையக் கூடாது. "வளர்க்கறதுக்கு தோஷம் இல்லடி, திங்கறதுக்குத்தான்" என்பாய். ருசி சரியா என்று பார்க்க, காளான் என் வீட்டுக்குத்தான் வரும்.

பிறகு சனிக்கிழமை வகுப்பு தொடங்கினாய். ஏழு பெண்கள் வந்தார்கள். பேசுவது நீ. நான் சொல்லிக்கொடுத்ததை அழகாகச் சொல்வாய். அதில்கூட எனக்கு வருத்தம் இருந்ததில்லை, அந்த ஒரு சனிக்கிழமை வரைக்கும்.

ஆறு பெட்டுகளில் பச்சைப் பூஞ்சை பிடித்திருந்தது. உன் வீட்டுக்காரர் தினமும் கோயிலிலிருந்து கழித்த பூவைக் கூடையில் கொண்டுவருவார். சுவாமிக்குச் சாத்திய பூ, கால் படும் இடத்தில் போடக் கூடாது. ஆற்றில் விடுவதற்கும் இப்போது தடை. அதனால் பின்கட்டில், காளான் அறை ஜன்னலுக்கு நேர் கீழே கொட்டிவைத்தீர்கள். மழையில் அது அழுகி, பச்சைப் பொடி பூத்து, காற்றடித்தால் ஜன்னல் வழியாக உள்ளே வந்தது. நான் மெதுவாகத்தான் சொன்னேன், "அந்தப் பூவை மட்டும் வேற பக்கம் மாத்திடலாம்."

உன் முகம் மாறியது. "பகவான் மேல கிடந்த பூவுலேருந்து பூசணம் வருதுன்னா சொல்றே?" என்றாய். பிறகு அந்த ஏழு பேரையும் பார்த்துச் சிரித்தபடியே சொன்னாய்.

"இவா ஆத்துல தினம் மீன், கேட்டேளா. காலம்பற அதை அலம்பின கையோட நேரே இங்க வந்து பெட்டைத் தொடறா. பச்சை பிடிக்காம என்ன பண்ணும்?"

யாரோ ஒருத்தி சிரித்தாள். கிணற்றடிக் குழாயில் நான் கை கழுவினேன். ஏன் கழுவினேன் என்று இன்றும் தெரியவில்லை. அன்று மாலை உன் செய்தி வந்தது: "அடுத்த வாரம் வர வேண்டாம், கேட்டோ. நான் பாத்துக்கறேன்."

இரண்டு வாரம் கழித்துப் பின்சந்து வழியாகப் போனபோது எட்டிப் பார்த்தேன். பூக்குவியல் கிணற்றுக்கு அந்தப் பக்கம் போயிருந்தது. ஜன்னலில் புது வலை. ஆக, நான் சொன்னது சரி என்று உனக்குத் தெரிந்திருந்தது. குவியலை மாற்றினாய், சொன்ன சொல்லை மாற்றவில்லை. அந்தச் சொல் ஊருக்குள் நடமாடியது. காளான் தொழில் பேசும் இடங்களில், "மீன் கையால கெடுத்தது நீங்கதானா?" என்று என்னிடமே கேட்டிருக்கிறார்கள். ஐந்து வருஷம் நீ அதைத் திருத்தவில்லை. படுக்கையில் விழுந்தபோதும் கூப்பிடவில்லை. நானும் வரவில்லை.

போன மாதம் உன் மகள் வந்தாள்.

"ஆன்ட்டி, ஒரு ஹெல்ப் வேணும். பெட் எல்லாம் பச்சையாறது. கோர்ஸ் முடிச்சுட்டு நான் இதை நம்பித்தான் நிக்கறேன்." பிறகு சொன்னாள், "அம்மா உங்களைக் கூப்பிடவே கூடாதுன்னு சொல்லியிருந்தா."

போனேன். பின்கட்டு வாசலிலேயே தெரிந்துவிட்டது. கோயிலிலிருந்து வந்த களைப்பில் கிணற்றுக்கு அந்தப் பக்கம் வரை நடக்க முடியாமல் உன் வீட்டுக்காரர் மறுபடியும் ஜன்னலுக்குக் கீழேயே கொட்டுகிறார். வலை கிழிந்து தொங்கியது. உன் மகள் கொடுத்த காப்பியைக் குடித்தேன். "யோசிச்சுச் சொல்றேன்" என்று திரும்பிவிட்டேன். அந்த வாரம் முழுக்க வாய் திறக்கவில்லை. இன்னும் பதினெட்டு பெட் போயிற்று. வேண்டுமென்றேதான் செய்தேன்.

பிறகு அவளிடம் சொன்னேன். "காரணம் எனக்குத் தெரியும். ஆனா உங்க அம்மா கிளாஸ்ல அன்னைக்கு இருந்த அந்த ஏழு பேரையும் கூப்பிடு. அவங்க முன்னாலதான் சொல்வேன். நான் சொல்லி முடிச்சதும், அம்மா சொன்னது தப்புன்னு நீ சொல்லணும்."

"அம்மா போயிட்டாளே ஆன்ட்டி" என்றாள்.

"அன்னைக்கு நான் உயிரோடதானே இருந்தேன்" என்றேன்.

ஐந்து பேர் வந்தார்கள். நான் அவசரப்படவில்லை. இரண்டு தட்டில் வெந்த வைக்கோல் வைத்து, ஒன்றை ஜன்னலோரத்திலும் மற்றதை உள் அறையில் மூடியும் ஐந்தாறு நாள் முன்பே வைக்கச் சொல்லியிருந்தேன். ஜன்னலோரத் தட்டு பச்சையாக இருந்தது. இந்தப் பச்சைப் பூஞ்சை செத்த பூவைத் தின்று வளரும், உயிருள்ள இன்னொரு பூஞ்சையையும் தின்னும் என்று சொன்னேன். சிப்பிக் காளானின் நூலைத் தேடிப் போய்ச் சுற்றிக்கொள்ளும், துளைத்துக் கரைத்து உறிஞ்சும். முதல் சில நாள் அதுவும் வெள்ளையாகத்தான் இருக்கும், கூடவே வளரும் தோழிபோல. அதைச் சொன்னபோது உன் மகள் தலை குனிந்தாள். நான் நிறுத்தவில்லை. அவள் எழுந்து, சொல்லவேண்டியதைச் சொன்னாள். எனக்கு அது போதவில்லை.

அப்போது வந்தவர்களில் வயதானவரான கரமனைச் சேச்சி வாயைத் திறந்தார். "அது எங்களுக்கு அன்னைக்கே மனசிலாச்சு. அடுத்த கிளாஸுக்கு வந்தப்போ பூவெல்லாம் கிணத்துக்கு அந்தப் பக்கம் கிடந்தது. நாங்க ஒருத்தரை ஒருத்தர் பார்த்துக்கிட்டோம். யாரும் மிண்டல."

யாரும் பேசவில்லை என்கிறார். இத்தனை வருஷமாக உன் பொய்யை நம்பியவர்கள் என்று நான் நினைத்திருந்த ஏழு பேரில் ஒருத்திகூட நம்பவில்லை. சேச்சியைக் கேட்டேன், "பின்னே ஏன் என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லல?" அவர் புடவைத் தலைப்பைத் திருகினார். "கூண் படிக்கத்தானே மோளே வந்தோம். அவங்க வீடு அல்லே." கூண் என்பது அவருக்குக் காளான்.

அவர்கள் மேல் கோபப்பட முயன்றேன். வரவில்லை. எல்லாம் உன்னிடமே திரும்பி வந்தது. உன் வீட்டில் உன் சொல்லுக்கு எதிராக யாரும் பேசமாட்டார்கள் என்று தெரிந்துதானே அங்கே வைத்துச் சொன்னாய்.

இப்போது பூக்கள் மூடிய தொட்டிக்குப் போகின்றன. பெட்டுகள் வெளுத்து வருகின்றன. சனிக்கிழமை வகுப்பை உன் மகளோடு நான் எடுக்கிறேன். புதிதாக வருபவர்களிடம் முதலிலேயே சொல்லிவிடுகிறேன், "மீன் நறுக்கிட்டு வர்றவங்க சோப்புப் போட்டுக் கை கழுவுனா போதும். ஒண்ணும் ஆகாது." எல்லோரும் கழுவிவிட்டு உள்ளே போய்விடுகிறார்கள். கடைசியாக நான் கழுவுகிறேன். துடைத்த பிறகும் வாசலில் நின்று, யாரும் பார்க்கவில்லை என்று தெரிந்தபின், விரல்களை மூக்குக்குக் கொண்டுபோகிறேன். சோப்பு வாசனை மட்டும்தான் இருக்கும், எனக்குத் தெரியும். ஆனாலும் முகர்ந்து பார்க்காமல் என்னால் உள்ளே போக முடிவதில்லை. மற்றதையெல்லாம் ஒருவேளை விட்டுவிடுவேன். இதற்கு மட்டும் உன்னை விடமாட்டேன்.