வயர் இல்லாத மஞ்சள் லைட்டுகள்

என் பிரியமுள்ள மச்சானுக்கு,

மண்ணுக்குள்ளே இருக்கும் உங்களுக்கு மண்ணுக்கு மேலே இருக்கும் என் ஸலாம். நாளை உங்களுக்கு வருஷக் கத்தம், ஓதிச் சோறு கொடுக்கும் நாள். அடுப்படியில் பெண்கள் வெங்காயம் உரிக்கிறார்கள், முற்றத்தில் உங்கள் உம்மா யாரையோ ஏசிக்கொண்டிருக்கிறார், நான் அறைக் கதவைச் சாத்திவிட்டு இதை எழுதுகிறேன். நாலு பேர் படித்தாலும் பரவாயில்லை. படிக்கட்டும்.

முதலில் முக்கியமான செய்தியைச் சொல்லிவிடுகிறேன். காரை நான் விற்கவில்லை. விற்கவும் மாட்டேன்.

நீங்கள் மௌத்தாகி மூன்றாம் நாளே கதை தொடங்கிவிட்டது. அந்த மொரிஸ் மைனர் என் வாப்பா எனக்கு வீட்டோடு சேர்த்துத் தந்த சீதனம் அல்லவா? அது போதாதா மாமிக்கு? "இவள் கொண்டுவந்த காருதான் எண்ட புள்ளய முழுங்கின. ராசியில்லாத சாமான். பழைய இரும்புக்குப் போட்டுருகா" என்று வந்தவர்கள் எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னார். நான் வெள்ளை உடுத்து உள்ளறையில் இருந்தேன். ராசியில்லாத சாமான் என்று அவர் காரைத்தான் சொன்னாரா, என்னையும் சேர்த்துத்தானா? நீங்கள் இருந்திருந்தால் கேட்டிருப்பேன்.

நான் ஒருத்தி மட்டும் என்றால் வாயை மூடிக்கொண்டு இருந்திருப்பேன். நம் மகள் பரீதாவுக்கு ஒன்பது வயது. இந்த வீடு நாளைக்கு அவளுக்குத்தான். "ராசியில்லாத வீட்டுப் பிள்ளை" என்று ஊர் அவளுக்கு ஒரு பெயர் வைத்தால், அதை நான் எந்தச் சவர்க்காரம் போட்டுக் கழுவுவது?

என்ன நடந்தது என்று எல்லோருக்கும் தெரியும். மாசி மாதம், நெல் அறுக்கும் வெள்ளாண்மை வெட்டு நேரம். நீங்கள் விடியற்காலை ஸுபஹு தொழுத கையோடு வரிப்பத்தான்சேனைக்கு ஹயர் ஓட, வாடகைக்கு ஆள் ஏற்றப் புறப்பட்டீர்கள். சம்மாந்துறை தாண்டி வட்டைக்குள்ளே, அந்த வயல்வெளி ரோட்டில் ஏறியதும் பனிமூட்டம். நெல்மூட்டை ஏற்றி ட்ராக்டர் இழுத்துவந்த உழவு மெசின் பெட்டி ஒன்று டயர் வெடித்து ரோட்டில் நின்றது. அதன் பின்பக்கத்தில் போய் மோதினீர்கள். "விதி" என்றார்கள். "கார்" என்றார்கள். ஒருவராவது "லைட்டு" என்று சொல்லவில்லை.

குவைத்தில் சமையல் வேலை செய்யும் என் தம்பி நௌபர் செய்தி கேட்டு ஓடி வந்தான். அவன்தான் காரை டிங்கர் வேலைக்குக் கொண்டுபோய், நசுங்கிய முகத்தை நிமிர்த்தி, திரும்பக் கொண்டுவந்து நம் வீட்டு வளவில் விட்டான். அன்று பின்னேரம், யாரும் இல்லாத நேரம் பார்த்து, நான் காருக்கு முன்னால் போய்க் குந்தினேன்.

மச்சான், உங்களை ஊர் எப்படிக் கூப்பிட்டது? "மஞ்ச லைட்டு ஆதம்பாவா." கல்முனையில் வேறு எந்த ஹயர் காருக்கும் அப்படி இரண்டு பனிலைட்டுகள் இருக்கவில்லை. கொழும்பிலிருந்து வாங்கி வந்து பம்பருக்கு மேலே பூட்டினீர்கள். உள்ளே மஞ்சள் தெரியும் பளபளக்கும் பிளாஸ்டிக் மூடியைக்கூடக் கழற்றவில்லை, கீறல் விழுந்துவிடும் என்று. காலையில் நீங்கள் ஒரு துடை, பின்னேரம் நான் ஒரு துடை.

அடிபட்டதில் ஒன்று தூளாகிவிட்டது. மற்றது மூடியோடு அப்படியே இருந்தது. கழற்றித் திருப்பிப் பார்த்தேன். வயர் போக வேண்டிய துளையில் குளவி மண்ணை அப்பிக் கூடு கட்டியிருந்தது.

இரண்டு வருடம், மச்சான். இரண்டு வருடமாக அந்த லைட்டுக்கு வயரே இல்லை.

எனக்கு அழுகை வரவில்லை, கோபம்தான் வந்தது. "வெட்டு முடியட்டும், மெதுவாப் பூட்டுவம்" என்று நீங்கள் சொன்னது அப்போதுதான் நினைவுக்கு வந்தது. பூட்டித்தானே இருக்கிறது, இனி என்ன பூட்டப் போகிறார் என்று நான் அன்று கேட்கவில்லை. துடைத்தேன், பெருமைப்பட்டேன், கேட்கவில்லை. என் பிழையும் இருக்கிறது. அதை மறைக்க மாட்டேன்.

இன்னும் கேளுங்கள். தம்பி முந்திய வருடம் அனுப்பிய புது ஹெட்லைட் சோடி அலுமாரியில் பெட்டி உடைக்காமல் இருந்தது. காரில் இருந்த பழைய லைட்டின் உட்பக்கம் கறுத்துக் கிடந்தது. எர்த் வயரைக் கார் பொடியின் இரும்பில் முறுக்கியிருந்த இடத்தை நம் கடற்கரை உப்புக்காற்று தின்று முடித்திருந்தது. அந்தக் கார் பனிக்குள் எதைத்தான் காட்டியிருக்கும்? பாவம், அதுவும் உங்களோடு சேர்ந்து கண்ணைக் கட்டிக்கொண்டுதான் ஓடியிருக்கிறது.

அன்றே முடிவெடுத்தேன், இந்தக் காருக்கு நான் லைட் பூட்டுவேன் என்று.

"இத்தாவில இருக்கிற பொம்புள காருக்குள்ள தலைய விட்டுக்கொண்டு கிடக்கிறாளே, உலகத்தில எங்கயும் நடக்குமாகா?" என்று மாமி தலையில் அடித்துக்கொண்டார். புருஷன் போனவள் நாலு மாதம் பத்து நாள் வீட்டோடு இருக்க வேண்டியவள்தான், மறுக்கவில்லை. தம்பியைப் பள்ளிவாசல் ஹஸரத்திடம் அனுப்பிக் கேட்டேன். "வளவ விட்டு வெளியே போகாம, அந்நிய ஆம்புள கண்ணுல படாம, வளவுக்குள்ள என்ன வேல செஞ்சாலும் குத்தமில்ல" என்று பதில் வந்தது. நம் வளவைச் சுற்றி ஆளுயரக் கிடுகு வேலி. கார் வளவுக்குள்ளே. வேறென்ன வேண்டும்?

மாமி விடவில்லை. "எண்ட மகனுக்குத் தெரியாத லைட்டா ஒனக்குத் தெரியும்?" என்றார். அதுவரை நான் உங்கள் மானத்தை முந்தானையில் முடிந்துதான் வைத்திருந்தேன். அந்தக் கணம் அவிழ்த்துவிட்டேன்.

"மாமி, ஒங்கட மகன்ட மஞ்ச லைட்டுக்கு வயரே இல்ல."

"பொய் கதைக்காதகா. ஊரெல்லாம் கண்ட லைட்டு அது."

"ஊர் கண்டது லைட்ட, மாமி. வெளிச்சத்த ஆரு கண்ட?"

குளவிக்கூட்டோடு அந்த லைட்டை அவர் மடியில் வைத்தேன். குளவி மண் அடைத்த துளையை விரலால் தடவினார். பிறகு, "அல்லாஹ்ட நாட்டம்" என்றார். "நாட்டத்த நான் மறுக்கல்ல. வயரப் பூட்டாம விட்டது அல்லாஹ் இல்ல, மாமி" என்றேன். அவர் எழுந்து போய்விட்டார். பல நாள் என்னோடு கதைக்கவில்லை.

கோபமா மச்சான்? கோபப்படுங்கள். உங்கள் பெயரைக் காப்பாற்றினால் பழி எனக்கும் மகளுக்கும் காருக்கும். நீங்கள் போய்விட்டீர்கள், நாங்கள்தான் இங்கே இருக்க வேண்டும்.

இனி வேலையைச் சொல்கிறேன், உங்களுக்குப் பிடித்தது அதுதானே. பள்ளிக்கூடத்தில் படித்த மின்கலம், மின்குமிழ், ஆளி என்னும் சுவிட்சு எல்லாம் பரீட்சையோடு போய்விட்டன என்று நினைத்திருந்தேன். போகவில்லை. பரீதாவின் கொப்பியில் படம் கீறினேன். தம்பி நான் சாமான் பெயர் எழுதிக் கொடுத்த துண்டை எடுத்துக்கொண்டு சாமான் கடைக்கு நடையாய் நடந்தான். அவனுக்குச் சோறு வடிக்கத் தெரியும், ஸ்க்ரூ ட்ரைவரை எந்தப் பக்கம் பிடிப்பது என்று தெரியாது. "ஆரு பூட்டுற?" என்று கடைக்காரர் கேட்டாராம். "எண்ட ராத்தா" என்றானாம். அவர் சிரித்தாராம். சிரிக்கட்டும்.

முதல் தடவை நானும் ஒரு பிழை விட்டேன். வீட்டில் கிடந்த மெல்லிய வயரைப் போட்டு ஆளியை அமத்தினேன். வயர் கொதித்து, உறை உருகி, புகை கிளம்பிவிட்டது. "காரு இன்னும் ஒரு ஆளத் தேடுது!" என்று மாமி கத்த, தம்பி பாய்ந்து பெட்டரி வயரைப் பிடுங்கினான். என் கைவிரலில் அந்தச் சூட்டுத் தழும்பு இப்போதும் இருக்கிறது.

மறுநாள் தடித்த வயர் வந்தது. பெட்டரியிலிருந்து நேரே இழுத்து, நடுவில் பியூஸும் ரிலேயும் வைத்தேன், பாரம் ஆளியில் ஏறாமல் இருக்க. உப்புத் தின்ற கார் பொடியை நம்பாமல் எர்த்துக்கும் தனி வயர். அலுமாரியில் கிடந்த ஹெட்லைட் சோடியின் மின்குமிழ்க் கண்ணாடியில் விரல் எண்ணெய் படக்கூடாதாம், பெட்டியில் எழுதியிருந்தது. சுத்தமான துணியால் பிடித்துப் பூட்டினேன். பனிலைட்டுக்கு இன்னொரு சோடி வாங்கி, மேலே அல்ல, பம்பருக்குக் கீழே பூட்டினேன். மேலே இருந்தால் வெளிச்சம் பனியில் பட்டு நம் கண்ணுக்கே திரும்பி வரும். அழகு குறைவுதான். நான்கு லைட்டையும் ஒன்றாக எரிக்க நம் டைனமோவுக்குச் சக்தி காணாது. அதனால் ஆளியை இந்தப் பக்கம் தட்டினால் ஹெட்லைட், அந்தப் பக்கம் தட்டினால் மஞ்சள் லைட்.

புது மஞ்சள் லைட்டுகளின் மூடிகளைக் கழற்றி அடுப்பில் போட்டேன்.

மஃரிபுத் தொழுகைக்குப் பிறகு காரை வீட்டுச் சுவரைப் பார்க்க நிறுத்தினோம். சுவரில் லைட்டின் உயரத்துக்குக் கரியால் கோடு கீறினேன். வெளிச்சம் அந்தக் கோட்டுக்குக் கீழே விழும்வரை ஆணிகளை முறுக்கி முறுக்கிச் சரிசெய்தேன், எதிரே வருபவர் கண் கூசக்கூடாது என்று. பிறகு மஞ்சள் லைட்டைப் போட்டேன். நிலத்தோடு ஒட்டி, அகலமாக, வேலி ஓரம்வரை பரவியது. பரீதா அதற்குள் ஓடி நின்று தன் நிழலைப் பார்த்துச் சிரித்தாள். நீங்கள் மௌத்தான பிறகு அவள் சிரித்தது அன்றுதான்.

இத்தா முடிய ஒரு கிழமை இருக்கும்போது வேலிக்கு வெளியே ஒரு குரல் கேட்டது. வரிப்பத்தான்சேனை உதுமாலெவ்வை காக்கா. அந்த மெசின் பெட்டிக்காரர். இரண்டு மூட்டை நெல்லோடு வந்திருந்தார். நான் திரைச்சீலைக்குப் பின்னால் நின்றேன்.

"மகள், என்ன மன்னிச்சிரு. டயர் வெடிச்சி ரெண்டு நிமிசம்கூட இல்ல."

"பெட்டிக்குப் பின்னால லைட்டு இருந்ததா காக்கா?"

"வட்டைக்குள்ள ஓடுற பெட்டிக்கு ஆரு மகள் லைட்டுப் பூட்டுற?"

"நெல்லக் கொண்டு போங்க. பெட்டியக் கொண்டு வாங்க."

அவர் பயந்துபோனார். நான் அதைக் கொளுத்தப் போகிறேன் என்று நினைத்திருக்கிறார். அவர் நினைத்தது முழுப் பிழையும் அல்ல. ஆனாலும் மறுநாள் கொண்டுவந்து வளவில் விட்டுவிட்டு, தலையைக் குனிந்தபடி வெளியே போனார்.

உங்களைக் கொன்ற பெட்டிக்குக் கீழே நான் மல்லாந்து படுத்தேன், மச்சான். பின்பலகையில் நம் காரின் பச்சைச் சாயம் ஒட்டியிருந்தது. அங்கேதான் அழுதேன். ஒருவருக்கும் கேட்காமல், வாய்க்குள் துணியை வைத்துக்கொண்டு, ஆசை தீர அழுதேன். பிறகு எழும்பி, இரண்டு மூலையிலும் இரண்டு சிவப்பு லைட் பூட்டினேன். மெசின் பெட்டரிவரை வயர் இழுத்தேன். துளைகளை மெழுகு வைத்து அடைத்தேன், குளவிக்கு இடம் கொடுக்காமல்.

இத்தா முடிந்தது. தம்பி காரை ஹயர் ஓட்டினான். பனிக்காலத்தில் விடியும் நேரம், வெள்ளாப்பில் போவதென்றால் ஆட்கள் நம் காரைத்தான் தேடி வந்தார்கள். மாமி மட்டும் ஏறவில்லை. வருஷம் முழுக்க அவர் பஸ்தான்.

போன கிழமை வரிப்பத்தான்சேனைச் சொந்தக்காரருக்குக் கத்தத்துக்கு அழைப்புச் சொல்ல வேண்டியிருந்தது. நேரில் போகாவிட்டால் வர மாட்டார்களே, உங்களுக்குத் தெரியும். அவர்கள் வட்டைக்கு இறங்க முன்னர் பிடிக்க வேண்டும். அன்று முதல் பஸ் வரவில்லை. மாமி சந்தியில் நின்று நின்று, கடைசியில் வந்து காரின் பின்சீட்டில் ஏறினார். தம்பி ஓட்டினான். நான் முன்னால் இருந்தேன்.

சம்மாந்துறை தாண்டியதும் பனி இறங்கிவிட்டது. நான் ஆளியை மஞ்சளுக்குத் தட்டினேன். ரோட்டின் இரண்டு ஓரமும் தெரிந்தன. மாமி பின்னாலிருந்து என் சீட்டை இறுக்கிப் பிடித்திருந்தார். அவர் ஓதுவது கேட்டது.

திடீரென்று ஓதலை நிறுத்தினார். "அந்தா, செவப்பா ரெண்டு தெரியுது" என்றார்.

எங்களுக்கு முந்தி அவர்தான் கண்டார். தம்பி வேகத்தைக் குறைத்தான். மெதுவாகப் போய், தூரம் விட்டு நிறுத்தினான். உதுமாலெவ்வை காக்காவின் பெட்டி, ரோட்டோரம் நெல் ஏற்றிக்கொண்டு நின்றது.

மாமிக்கு இரண்டு கண்ணிலும் வெண்படலம் விழுந்து மூன்று வருடம், மச்சான். வாசலுக்கு வரும் ஆளைக்கூடக் குரலை வைத்துத்தான் அறிவார். அந்த மாமி என் தோளைப் பிடித்துக்கொண்டு சொன்னார்:

"இந்தக் கண்ணுக்கே தெரியுது புள்ள. எண்ட மகனுக்குத் தெரிஞ்சிருக்குமே."

திரும்பி வரும்போதும் அவர் நம் காரில்தான் வந்தார்.

அடுத்த மாதம் தம்பி குவைத்துக்குத் திரும்பிப் போகிறான். ஸ்டியரிங்கைப் பிடிக்கப் போவது நான். ஒலுவில் ஊர் மணல் ரோட்டில் யாருக்கும் சொல்லாமல் நீங்கள் எனக்குக் கார் ஓட்டப் பழக்கியது வீண்போகாது. லைசன்ஸுக்கு எழுதிப் போட்டுவிட்டேன். ஊர் சிரிக்கும், ஏசும், பார்த்துக்கொள்கிறேன். நம் வளவில் இப்போது இன்னும் மூன்று மெசின் பெட்டிகள் வரிசையில் நிற்கின்றன. இந்த வட்டையில் சிவப்பு லைட் இல்லாமல் ஒரு பெட்டியையும் ஓட விடமாட்டேன். இது நான் உங்களுக்குத் தரும் வாக்கு. மெதுவாக அல்ல, இந்த வெட்டு முடிவதற்குள்ளேயே.

இப்படிக்கு,
உங்கள் மாமா மகளும், உங்கள் மேல் இன்னும் கோபம் ஆறாத உங்கள் பெண்சாதியுமான
ஹாஜறா