ஏழு துவக்கும் ஒரு காணியும்

சிலாவத்துறை
18.09.2011

அன்பு மகள் பஸ்மினாவுக்கு உம்மா எழுதிக்கொள்வது. அஸ்ஸலாமு அலைக்கும். அல்லாஹ்வின் காவலில் நானும் வாப்பாவும் மிச்சமிருக்கிற ஒரு ஆடும் இங்கே சுகம். நீயும் மருமகனும் பேரன் ஸப்ராஸும் மெல்போர்னில் எங்களைவிட நல்ல சுகமாக இருக்க வேண்டும் என்று ஐந்து நேரமும் கேட்கிறேன். நீ அனுப்பிய முழங்கால் மருந்து வந்தது, பூசுகிறேன், முழங்காலுக்கு என்ன செய்கிறதோ தெரியாது, மணம் நல்லது. எல்லாவற்றையும் போனில் சொல்லலாமே, உம்மாவுக்கு ஏன் கடிதம் எழுதுகிற வேலை என்று நினைப்பாய். போனில் நான் எதைச் சொன்னாலும் உன் வாப்பா பக்கத்தில் நின்று திருத்துவார். இது அவர் திருத்தக்கூடாத விஷயம். இப்போது அவர் ளுஹர் தொழப் போயிருக்கிறார், தொழுகை முடிந்தாலும் பள்ளிவாசல் வாசலில் கதை முடிய அசர் ஆகும், அதற்குள் எழுதி முடித்துவிடுவேன்.

எங்கள் நிலைமை உனக்குத் தெரியும். ஊருக்குத் திரும்பி வந்து இரண்டு வருடம் ஆகப் போகிறது, ஆனால் நீ பிறந்த வீடு கடற்படை முகாம் வேலிக்கு உள்ளே, நாங்கள் வேலிக்கு வெளியே. நம்முடைய தென்னையில் தேங்காய் விழுகிற சத்தம் இங்கே கேட்கும், பொறுக்கப் போக முடியாது. ஹிதாயா ராத்தாவின் வளவில் ஒரு ஓரமாகத் தகரக் கொட்டில் போட்டுக்கொண்டு இருக்கிறோம். அவ நல்ல மனுசி, வாய் திறந்து ஒன்றும் சொல்ல மாட்டா, ஆனால் அவவின் மகனுக்கும் கலியாணம் வருகிறது, இடம் வேண்டும் அல்லவா. மீள்குடியேற்ற உதவி என்று வருகிற நிறுவனக்காரர்கள் எல்லோரும் முதலில் ஒரு போர்ட் நடுகிறார்கள். கிணறு வெட்டுவதற்கு முதலே கிணற்றின் போர்ட் வந்துவிட்டது. கை கழுவுவது எப்படி என்று மூன்று நாள் வகுப்பு வைத்தார்கள், கழுவத் தண்ணீரை மட்டும் அவர்கள் கொண்டு வரவில்லை. இந்த நேரத்தில்தான் பள்ளிமுனை அந்தோனிமுத்து அண்ணன், உன் வாப்பாவோடு முந்திக் கருவாடு ஏற்றினவர், சிலாவத்துறையில் கடல் பக்கமாக இல்லாமல் உள்பக்கமாக அவருக்கு இருந்த தோட்டக் காணியை விற்கப் போகிறேன் என்று சொல்லி அனுப்பினார். ஒன்றரை ஏக்கர், நல்ல தண்ணீர்க் கிணறு, பக்கத்தில் குளம், நாலு மாமரம் சண்டையைப் பார்த்தும் சாகாமல் நிற்கிறது. கொழும்பிலிருந்து ஒருவன் ஹோட்டல் கட்டக் கேட்டு வந்தானாம். அண்ணன் அவனிடம் உன் வாப்பாவின் பெயரைச் சொல்லி, மடு மாதாவின் ஆவணித் திருவிழா வரைக்கும் இது சனூனுக்கென்று சொன்ன காணி, அதற்குப் பிறகு வா என்று திருப்பி அனுப்பிவிட்டார். திருவிழா முடிந்தால் அவர் நீர்கொழும்புக்கு மகளிடம் போய்விடுவார். ஆகவே அந்தக் காணி கிடைத்தால் நாங்கள் இந்த ஊரில் இருப்போம், கிடைக்காவிட்டால் திரும்பவும் புத்தளம், திரும்பவும் கொட்டில். எனக்கு அறுபது வயதாகப் போகிறது மகள், இன்னொரு தரம் பானை சட்டி கட்ட எனக்கு மனமில்லை.

காசுக்கு எங்கே போவது. உன்னிடம் கேட்கக்கூடாது என்று நான் முதலே சொல்லிவிட்டேன், நீங்களும் வீட்டுக் கடனில் இருக்கிறீர்கள். அப்போதுதான் உன் வாப்பா தொண்டையைச் செருமிக்கொண்டு, துவக்கை விற்போம் என்றார். நான் சிரித்தேனா அழுதேனா என்று நினைவில்லை. அவருடைய வாப்பாவுக்கு முசலியில் வயல் இருந்ததும் பன்றி சுட லைசன்ஸ் துவக்கு வைத்திருந்ததும் உனக்குத் தெரியும், தாலாட்டுக்குப் பதிலாக அதைத்தானே கேட்டு வளர்ந்தாய். எண்பத்து நாலில் எல்லாத் துவக்கையும் கொண்டுவந்து ஒப்படையுங்கோ என்று அரசாங்கக் கட்டளை வந்தபோது அந்த மனுசன் கெட்டிக்காரர், ஒப்படைக்காமல் கொழும்பில் ஒரு துவக்குக் கடையில் லைசன்ஸ் புத்தகத்தோடு பாரம் கொடுத்துச் சீட்டு வாங்கிவிட்டார். கடைக்காரர் செத்து, அவர் மகன் செத்து, இப்போது பேரன் இருக்கிறான், துவக்கும் இருக்கிறது. வாப்பா கடிதம் போட்டார், பதிலும் வந்தது. இரட்டைக்குழல் ஒன்று, ஒற்றைக்குழல் ஒன்று, காகம் கலைக்கிற எயார் ரைபிள் ஒன்று. மொத்தம் மூன்று.

மூன்று என்றதும் உன் கண் பெரிதாகும் என்று எனக்குத் தெரியும். ஏழு துவக்கு அல்லவா என்று கேட்பாய். ஊர் முழுக்க அப்படித்தான் கேட்டது. கொஞ்சம் பொறு.

சட்டப்படி விற்பதற்குப் பொலிசில் ஒரு கடிதம் எடுக்க வேண்டும். விண்ணப்பம் கொடுத்து ஒரு மாதத்தில் விசாரணைக்கு வரச் சொன்னார்கள். நல்ல மரியாதையான சிங்கள அதிகாரி, இளம் வயது, கதிரை தந்து இருக்கச் சொன்னார், பக்கத்தில் தமிழ் பேசுகிற ஒரு பொலிஸ்காரர். மேசையில் ஒரு கோவை. அதைத் திறந்தால் தொண்ணூற்றொன்றில் புத்தளம் முகாமில் நாங்கள் நிரப்பின இழப்புப் படிவம், உன் வாப்பாவின் கையெழுத்தோடு. அரசாங்கத்திடம் நாங்கள் கொடுத்த எத்தனையோ கடிதம் தொலைந்தது, வீட்டு உறுதியின் பிரதி தொலைந்தது, உன் பிறப்புப் பத்திரம் இரண்டு தரம் தொலைந்தது, இது மட்டும் இருபது வருடம் ஒரு கறையான் தொடாமல் இருந்திருக்கிறது. அதில், வீட்டில் விட்டுவந்த பொருட்கள் என்கிற இடத்தில், துவக்கு ஏழு என்று முத்து முத்தாக எழுதியிருக்கிறது. அதிகாரி கேட்டாராம், ஏழு சிலாவத்துறையில் விட்டுவிட்டு வந்தீர்கள், மூன்று கொழும்பில் இருக்கிறது, ஆகவே உங்களிடம் பத்துத் துவக்கா, அந்த ஏழும் யார் கைக்குப் போனது என்று. சண்டை முடிந்து இரண்டு வருடம், கத்தரிக்கோல் வைத்திருக்கவே ஆட்கள் யோசிக்கிற நேரம், உன் வாப்பா ஒரு விண்ணப்பத்தில் பத்துத் துவக்குக்குச் சொந்தக்காரர் ஆகிவிட்டார். வீட்டுக்கு வந்து தண்ணீர் கேட்டார், கொடுத்தேன், குடிக்காமல் வைத்துக்கொண்டே இருந்தார்.

அந்தப் படிவங்களில் எல்லோரும் கூட்டித்தான் எழுதினார்கள், பொய் சொல்லக்கூடாது. அவற்றின்படி பார்த்தால் முசலியில் தென்னை நிற்க இடம் இல்லாமல் பாதி கடலுக்குள் நின்றிருக்க வேண்டும். ஆட்டைக் கூட்டினவர் உண்டு, வள்ளத்தைக் கூட்டினவர் உண்டு. துவக்கைக் கூட்டின ஒரே மனிதர் என் புருசன்.

ஊரில் இரண்டு வயதாளிகள் வந்து இவரிடம் மூன்றுக்கு மேல் துவக்கு இருக்கவில்லை என்று சொன்னால் போதும் என்று அதிகாரி வழி காட்டினார். அதற்கு வாப்பா கூட்டிப் போனது யாரை, மீராமொய்தீன் நானாவை. முகாமில் இருபது வருடம் அடுத்த கொட்டிலில் இருந்து ஏழு துவக்குக் கதையை ஏழாயிரம் தரம் கேட்ட மனிதர். வழியெல்லாம் சொல்லிக்கொடுத்துத்தான் போனாராம், நானா, மூன்று என்று சொல்லுங்கோ, மூன்று. அவரும் ஓம் ஓம் என்று தலையாட்டினார். அதிகாரிக்கு முன்னால் கதிரையில் இருந்ததும், என் கூட்டாளியைப் போய்ப் பொய்க்காரன் என்று சந்தேகப்படுகிறார்களே என்று அவருக்கு ரோசம் வந்துவிட்டது. ஏழும் நான் கண்ணால் கண்டது, சுவரில் வரிசையாக மாட்டியிருந்தது, நாலாவது துவக்கால்தான் இவர் வாப்பா சிறுத்தையைச் சுட்டார் என்று நெஞ்சில் கை வைத்துச் சொல்லிவிட்டார். உதவி செய்துவிட்டேன் என்ற சந்தோசத்தோடு வெளியே வந்து பிளேன்ரீ வேறு வாங்கித் தரச் சொல்லியிருக்கிறார். வாங்கிக் கொடுத்திருக்கிறார் உன் வாப்பா, என்ன செய்வது.

அதன் பிறகு சந்தைக்குப் போனால் எனக்குப் புது மரியாதை. மீன்காரன் நிறுக்கும்போது ஒரு துண்டு கூட வைக்கிறான். பத்துத் துவக்கு வீட்டு உம்மாவாம். மரியாதை கூடக் கூட வாப்பா மெலிந்துகொண்டு போனார். நோன்பும் பிறந்துவிட்டது, மடுத் திருவிழாவுக்குப் பன்னிரண்டு நாள் இருந்தது. காணி போகட்டும் குல்சூம், நாம் புத்தளத்துக்கே போவோம் என்றார். எனக்குக் கோபம் வந்தது மகள். இல்லாத நாலு துவக்குக்காக இருக்கிற காணியை விடுகிற மனிதனை நான் எங்கும் கண்டதில்லை. நீங்கள் வாருங்கோ, நான் சாட்சி என்று சொல்லிச் சீலையைக் கட்டிக்கொண்டு கூடவே போனேன்.

 போகிற வழியில் பஸ்ஸில் எனக்கு அந்தப் படிவம் நிரப்பின நாள்தான் நினைவில் வந்தது. நீ ஆறு வயது, காய்ச்சல், என் தோளில் கிடந்தாய். புலிகள் ஊரைவிட்டு எழும்பச் சொல்லி, நாங்கள் கடலால் வந்து இறங்கி மூன்று மாதம். வரிசையில் பின்னால் நின்ற யாரோ ஒருவர், கெட்டவர் என்று இல்லை, சும்மா கேட்டார், இத்தனை ஆம்பிளைகள் இருந்தும் ஒன்றும் சொல்லாமலா எழும்பி வந்தீர்கள் என்று. அந்த நேரம் உன் வாப்பாவின் முகத்தை நான் பார்த்தேன். உடுத்த சாரனும் ஒரு கேத்தலும் தவிர அவரிடம் ஒன்றும் இல்லை. எழுதுகிறவர் அடுத்தது என்ன என்று கேட்க, துவக்கு ஏழு என்றார். நான் பக்கத்தில் நின்றேன். திருத்தியிருக்கலாம். திருத்தவில்லை. அதோடு நிற்கவும் இல்லை, அடுத்த வரியில் தையல் மெசின் இரண்டு என்று நான் சொன்னேன். எனக்கு எப்போது மெசின் இருந்தது, ஹிதாயா ராத்தாவுடையதை இரவல் வாங்கித்தானே உன் பெருநாள் சட்டை தைத்தேன். அதை இந்த நாள் வரைக்கும் ஒரு அரசாங்கக் கந்தோரும் விசாரிக்கவில்லை.

அதிகாரி என்னைப் பார்த்து எத்தனை துவக்கு என்று கேட்டார். நான் வாயைத் திறக்க முன்னமே வாப்பா எழும்பி நின்றுவிட்டார். தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு சொன்னார்: "சேர், நோன்போட இருக்கிறன். மூண்டுதான். மிச்சம் நாலும் நான் வாயால சொன்னது. வெறுங்கையோட வந்தனான் எண்டு எழுத எனக்கு வெக்கமா இருந்திச்சு."

தமிழ் பேசுகிற அந்தப் பொலிஸ்காரர் மேசையைப் பார்த்துக்கொண்டே அதை மெதுவாகச் சிங்களத்தில் சொன்னார். அதிகாரியும் சிரிக்கவில்லை, அதற்காக அந்தப் பிள்ளைக்கு நான் துஆச் செய்தேன். சத்தியக் கடதாசி ஒன்று எழுதிக் கொடுக்கச் சொன்னார். அதில் பொய் என்று எழுத வேண்டுமா என்று வாப்பா கேட்டார். வேண்டாம், ஞாபக மறதி என்று எழுதுங்கள் என்றார். ஆகவே இப்போது கோவையில் இருப்பது ஞாபக மறதி. ஊரில் மற்றவர்களுக்கு மறதி வந்தால் பொருள் குறையும், உன் வாப்பாவுக்கு வந்த மறதியில் நாலு துவக்கு கூடியிருக்கிறது.

கடிதம் கிடைத்து, இரட்டைக்குழலையும் ஒற்றைக்குழலையும் அந்தக் கொழும்புக் கடையே எடுத்துக்கொண்டது. இரட்டைக்குழல் பழைய இங்கிலாந்துச் சாமான் என்று கோட்டில் வழக்குப் பேசுகிற ஒரு அப்புக்காத்து ஆசைப்பட்டு வாங்கினாராம், அவர் அதை வைத்து எந்தப் பன்றியைச் சுடப் போகிறாரோ. போதாததற்கு என் இரண்டு காப்பும் இரண்டு ஆடும் போனது, அதற்குக் கவலைப்படாதே, காப்பு கையில் இருந்தபோது அதை மறைப்பதே ஒரு வேலை. எயார் ரைபிளை யாரும் வாங்கவில்லை. கம்பிச்சுருள் உடைந்துவிட்டது, சும்மா கொண்டு போங்கள் என்று கடைக்காரன் கொடுத்துவிட்டான், பொலிஸ் கடிதத்தோடு பஸ்ஸில் கொண்டு வந்தோம். கொட்டில் வாசலில் மாட்டியிருக்கிறது. காகம் அதற்கு மேல் வந்து இருக்கிறது.

திருவிழாவுக்கு மூன்று நாள் முன்னம் காணி உறுதிப் பத்திரம் எழுதினோம். நொத்தாரிசு யார் பெயரில் என்று கேட்டார். வாப்பா என்னைக் காட்டி, "அவட பேரில எழுதுங்கோ. நான் சொல்லி எழுதினா ஒன்றரை ஏக்கர் நாலு ஏக்கர் ஆகிடும்" என்றார். அந்தோனிமுத்து அண்ணன் சிரித்துச் சிரித்து இருமிவிட்டார். எனக்குச் சிரிப்பு வரவில்லை, சீலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டேன். என் பெயரில் நான் கண்ட முதல் எழுத்து, மகள், அரிசிக் கூப்பன் அட்டையைத் தவிர. மழைக்கு முன்னம் இரண்டு அறை போட வேண்டும். பெரிய மாமரத்துக்குக் கீழே உனக்கு ஒரு அறை என்று வாப்பா கயிறு பிடித்து வைத்திருக்கிறார், இரண்டு தரம் அளந்தார், இரண்டு தரமும் ஒரே அளவுதான் வந்தது.

இப்போது நான் கடிதம் எழுத வந்த காரணம். போன வெள்ளிக்கிழமை போனில் ஸப்ராஸ், உங்களிட்ட எத்தனை துவக்கு இருந்தது என்று அவரிடம் கேட்டிருக்கிறான், நீ முந்திச் சொல்லியிருப்பாய்.  வாப்பா போனை என் கையில் தந்துவிட்டு ஆட்டைத் தேடிப் போனார், ஆடு அவர் காலடியிலேதான் கட்டியிருந்தது. சத்தியக் கடதாசி கொடுத்த நாளிலிருந்து அவர் ஒரு துவக்குக் கதை சொல்லவில்லை. மீராமொய்தீன் நானா வந்து கேட்டாலும், அது பழைய காலம் என்று எழும்பிவிடுகிறார். இருபது வருடம் வாயை மூடுங்கோ என்று சொன்னவள் நான்தான், இப்போது அந்த வாய் மூடியிருக்கிறது, எனக்குப் பார்க்க முடியவில்லை.

மழைக்காலம் வருகிறது, மருமகனைத் தலையைத் துடைக்கச் சொல்லு என்று எழுத வந்தேன், அங்கே உங்களுக்கு வெயில் தொடங்குகிறது என்பது மறந்துவிட்டது. பிள்ளைக்குக் கையால் சாப்பிடப் பழக்கு. தொழுகையை விடாதே. உன் வீட்டில் பரக்கத்தும் உன் மடியில் சந்தோசமும் குறையாமல் அல்லாஹ் வைக்கட்டும். ஒன்றை மட்டும் மறக்காதே: அடுத்த வெள்ளி போன் எடுக்கும்போது ஸப்ராஸைத் திரும்பவும் கேட்கச் சொல்லு. வாப்பாவை எப்படியாவது சொல்ல வை. அரசாங்கத்துக்கு மூன்று என்று எழுதிக் கொடுத்தாயிற்று. என் பேரனுக்கு ஏழு. நாலாவதால்தான் சிறுத்தையைச் சுட்டது.

இப்படிக்கு,
உன் உம்மா,
மு. உம்மு குல்சூம்
(காணிச் சொந்தக்காரி)