பிணையாளர் கையெழுத்து

செப்டெம்பர் 9, செவ்வாய்

இன்றும் பத்திரிகைச் சண்டை. ஒரு தாளுக்கு இரண்டு பென்ஷன்காரர். ஒருவருக்கு மரண அறிவித்தல் வேண்டும், மற்றவருக்கு அதன் பின்பக்கத்துக் கிரிக்கெட். கிழித்துவிட்டு, "மிஸ், ஒட்டித் தாங்கோ" என்று இருவரும் என்னிடமே வந்தார்கள். இருபத்தேழு வருடமாக வெள்ளவத்தையில் ஒரு சங்கத்தின் பொது நூலகத்தை நடத்துகிறேன் என்று வெளியே சொல்லிக்கொள்கிறேன். உண்மையில் பசை பூசுகிறேன்.

பிறகு சுபோதினி. ஒழுங்கை முனையில் இருக்கும் எட்டு மாடித் தொடரில் குடியிருப்பவர், சங்கத்தின் நிகழ்ச்சிச் செயலாளரும் அவர்தான். மகன் பிரியந்தனின் அட்டைக்கு ஒரு தடவைக்கு நான்கு நூல். கிழமைக்கு மூன்று தடவை வருகிறார். சிறுவர் பகுதி முடிந்துவிட்டதாம், இப்போது பெரியவர்களின் அலுமாரியில் கை வைக்கிறார். "அவர் அட்வான்ஸ் ரீடர், மிஸ்." பிள்ளைக்குப் பத்து வயது.

எல்லாம் சான்றிதழுக்காக. ஒக்டோபர் வாசிப்பு மாதம் முடியும்போது அதிக நூல் இரவல் எடுத்தவருக்கு 'ஆண்டின் சிறந்த வாசகர்' பட்டம். எண்ணிக்கையை வைத்துக் கொடுக்கலாம் என்று சங்கத்துக்கு யோசனை சொன்னவள் நான்தான். அந்த வெட்கக்கேட்டை யாரிடம் போய்ச் சொல்வது?

செப்டெம்பர் 13, சனி

கதை நேரம். ஒன்பது பிள்ளைகள், பதினான்கு போன்கள். படம் எடுத்து முடிந்ததும் தாய்மார் பிள்ளைகளை இழுத்துக்கொண்டு போய்விட்டார்கள். கதையின் நரியைக் கிணற்றுக்குள் விட்டபடியே கதவைப் பூட்டினேன்.

செப்டெம்பர் 16, செவ்வாய்

சுபோதினி எடுத்த நான்கு நூலிலும் நாற்பதாம் பக்கத்தில் ஒரு சிறு தாள் துண்டு வைத்துக் கொடுத்தேன். சின்னப்புத்திதான். வைத்தேன்.

அந்த நான்கில் ஒன்றை இராமர் பாதி வாசித்திருந்தார். இராமர் சுபோதினியின் மாடித்தொடரில் காவலாளி. மஸ்கெலியாப் பக்கம், ஐம்பது தாண்டியிருக்கும். இரண்டு மணிக்கு வேலை மாறியதும் இங்கே வந்து நாலு மணி வரை வாசிப்பார். அங்கத்தவர் இல்லை, வீட்டுக்குக் கொண்டுபோக முடியாது. பக்கத்தை மடிக்க மாட்டார், உள்ளங்கையில் பக்க எண்ணை எழுதிக்கொண்டு போவார். நான் பார்த்த அளவில் இந்தக் கட்டடத்தில் வாசிக்கிற ஒரே மனிதர். சுபோதினி கொண்டுபோனது மூன்று பாகச் சரித்திர நாவலின் இரண்டாம் பாகம், இவர் அதில்தான் நின்றார்.

"யாரோ எடுத்துட்டாங்களா மிஸ்?"

"வரும்" என்றேன். எடுத்தது யார் என்று சொல்லவில்லை. அவர் மூன்றாம் பாகத்தைத் தொடாமல், பழைய சஞ்சிகை ஒன்றை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தார்.

செப்டெம்பர் 18, வியாழன்

நான்கும் திரும்பி வந்தன. நான்கு தாள் துண்டும் வைத்த இடத்தில் வைத்தபடி. "எல்லாம் விரும்பி வாசிச்சவர், மிஸ்" என்று சுபோதினி என் முகத்தைப் பார்த்தே சொன்னார்.

தூ!

செப்டெம்பர் 19, வெள்ளி

இராமர் அங்கத்துவம் கேட்டார். "ரூமுக்கு எடுத்துட்டுப் போனா நிம்மதியா வாசிப்பேன் மிஸ். நடுவுல யாரும் எடுத்துட மாட்டாங்கல்ல."

சங்கத்தின் விதி: வெள்ளவத்தையிலோ ஹெவ்லொக் டவுனிலோ சொந்த வீடு உள்ள ஒருவர் பிணையாளராகக் கையெழுத்திட வேண்டும். நூல் தொலைந்தால் அவர் பொறுப்பு. விண்ணப்பத்தைக் கொடுத்து, "உங்கட தொடரிலேயே இருபத்திநாலு வீடு. ஒராள் கையெழுத்து வச்சாக் காணும்" என்றேன். எனக்கே மகிழ்ச்சியாக இருந்தது. அவர் அதைச் சட்டைப் பைக்குள் வைக்காமல் கையிலேயே பிடித்துக்கொண்டு போனார்.

ஒக்டோபர் 7, செவ்வாய்

விண்ணப்பம் வெறுமையாகவே திரும்பி வந்தது. எத்தனை தடவை மடித்து விரித்தாரோ, மடிப்பில் கிழிந்திருந்தது.

ஒருவர் காவல் கம்பனியில் கேட்கச் சொன்னாராம். ஒருவர் வாசித்துப் பார்த்துவிட்டுக் கண்ணாடி இல்லை என்றாராம். இன்னொருவர், இவரை நிற்க வைத்துக்கொண்டே மனைவியிடம், "உவங்களை நம்பேலாது, நாளைக்கு மலைநாட்டுக்கு ஓடிப்போடுவாங்கள்" என்றாராம். சுபோதினி, "உனக்கு என்னத்துக்குப் புத்தகம், கேட்டைப் பார்" என்றாராம். இதையெல்லாம் இராமர் சிரித்துக்கொண்டே சொன்னார். நான் கிழிந்த மடிப்பைப் பசை பூசி ஒட்டினேன்.

அந்த இருபத்துநான்கு வீட்டுச் சாவியும் அவருடைய காவல் கூண்டில்தான் தொங்குகின்றன. இரண்டு மாதம் கனடாவுக்குப் போகிறவர்கள் மீன் தொட்டிக்குத் தீனி போடவும் அவரைத்தான் விட்டுப் போகிறார்கள். நகையை நம்பி விடலாம். இரண்டு புத்தகத்துக்கு நம்ப முடியாது!

ஒக்டோபர் 8, புதன்

சங்கக் கூட்டம். மேடை அலங்காரம், வடை, யாருக்குப் பொன்னாடை — முக்கால் மணி நேரம். என்னால் பொறுக்க முடியவில்லை.

"சாவியைக் குடுக்கலாம், ரெண்டு புத்தகத்துக்கு ஒரு கையெழுத்து வைக்கேலாதோ? வெக்கமா இல்லையோ உங்களுக்கு?" என்று எழும்பி நின்று கேட்டேன். தலைவர் தியாகராசாவும் அதே தொடரில் ஐந்தாம் மாடிதான். "பத்மாவதி, டென்ஷன் ஆகாதேங்கோ. பாப்பம்" என்றார். சுபோதினி நிலத்தைப் பார்த்தார்.

நன்றாகக் கொடுத்தேன். வீட்டுக்கு வந்து தேநீர் குடிக்கும்போதும் அதையே நினைத்து நினைத்துச் சந்தோஷப்பட்டேன்.

ஒக்டோபர் 14, செவ்வாய்

இராமர் நாலு மணிக்கு என் மேசைக்கு வந்தார். "தப்பா நெனைக்காதீங்க மிஸ். ஹெவ்லொக் டவுன்ல மிஸ்ஸுக்குச் சொந்த வீடுன்னு ரிஸ்னா மிஸ் சொன்னாங்க…" மேற்கொண்டு கேட்கவில்லை. ரிஸ்னா என் உதவியாளர். உள்ளதைத்தான் சொல்லியிருக்கிறாள்.

"வேலை செய்யிற ஆக்கள் பிணை நிக்கேலாது, இராமர். சங்கத்துச் சட்டம்."

அப்படி ஒரு சட்டம் இல்லை. இந்த வாய்தான் சொன்னது.

"அப்படீங்களா. பரவாயில்லீங்க மிஸ்."

ஏன் சொன்னேன்? நாளைக்கே கம்பனி அவரை மாற்றினால், நூலோடு ஊருக்குப் போய்விட்டால், "பாத்தியளே பத்மாவதியின்ர ஆளை" என்று தியாகராசா சிரிப்பார் என்று பயம். உவங்களை நம்பேலாது என்று சொன்ன மனிசனும் இதைத்தானே நினைத்தான்? அவன் உள்ளதை உள்ளபடி சொன்னான். நான் சட்டம் என்று பேர் வைத்தேன். சீ. ஒரு கிழமையா உவையைத் திட்டித் திட்டி எழுதினனான், நானும் உதுதானே.

ஒக்டோபர் 15, புதன்

விண்ணப்பத்தை மேசைக்கு மேலே எடுத்து வைத்தேன். அவர் வந்ததும், சட்டம் மாறிவிட்டது என்று சொல்லிக் கையெழுத்திடுவேன். அப்போதும் ஒரு பொய் தேவைப்படுகிறது, பார்.

வரவில்லை.

ஒக்டோபர் 17, வெள்ளி

ரிஸ்னா விசாரித்துக்கொண்டு வந்தாள். "அவர மாத்திட்டாங்களாம் மிஸ். கேட்ல ஈந்து புத்தகம் வாசிக்கிறாரெண்டு கம்பனிக்குக் கம்ப்ளெயின் போயீக்கி. இப்ப இரத்மலானைல ஒரு ஸ்டோர்ஸ்லயாம்."

கேட்டில் இருந்து எதை வாசிப்பார்? அவரிடம் ஒரு நூலும் இல்லையே. நூல் கொடுக்காமல் விட்டது நாங்கள்தானே.

கூட்டத்தில் அவர்களை வெட்கப்படுத்தியது நான். அவர்கள் அந்த வெட்கத்தை அவர் மேல் தீர்த்துக்கொண்டார்கள். எனக்குத் தேநீர், அவருக்கு இரத்மலானை.

ஒக்டோபர் 20, திங்கள்

தீபாவளி. நூலகம் பூட்டு. யாரோடும் கதைக்க மனமில்லை.

ஒக்டோபர் 31, வெள்ளி

பரிசளிப்பு விழா. ஆண்டின் சிறந்த வாசகர் பிரியந்தன், முந்நூற்றுப் பதினாறு நூல். பிடித்த புத்தகம் எது என்று ஒலிவாங்கியில் கேட்டார்கள். பிள்ளை தாயைப் பார்த்தது. எல்லோரும் கைதட்டினார்கள். எனக்கு அந்தப் பிள்ளை மேல் கோபமில்லை, பாவம், மாலை வகுப்புக்கு நேரமாகிவிட்டது என்று முழுசிக்கொண்டு நின்றது.

சான்றிதழில் நூலகர் கையெழுத்திட வேண்டும். தியாகராசா பேனாவை நீட்டினார். தாள் துண்டுகளைப் பற்றி இந்தச் சபையில் சொல்லலாம் என்று ஒரு கணம் நினைத்தேன். போன தடவை வாய் திறந்தது யார் தலையில் விழுந்தது என்பதும் ஞாபகம் வந்தது. அதுவும் ஒரு சாட்டுத்தான். போட்டேன். அழகாகவே வந்தது என் கையெழுத்து, வளைவு நெளிவோடு.

நவம்பர் 18, செவ்வாய்

இரண்டு மணிக்கு இராமர் வந்தார். இன்று அவருக்கு விடுமுறையாம், மூன்றாம் பாகம் இங்கேதான் இருக்கிறது என்று பஸ் ஏறி வந்திருக்கிறார். எனக்கு முகம் கொடுக்க முடியவில்லை. விண்ணப்பத்தை எடுக்க மேசை லாச்சியைத் திறந்தேன்.

"வேணாங்க மிஸ். அங்க பக்கத்துலயே ஒரு லைப்ரரி இருக்கு, அட்டை எடுத்துட்டேன்." சட்டைப் பையிலிருந்து எடுத்துக் காட்டினார். பொலித்தீன் உறை போட்டிருந்தார். தமிழ் நூல் ஒரு தட்டுத்தானாம், முடியப்போகிறதாம். சிங்களம் பேச வரும், இனி எழுத்தையும் படித்துக்கொண்டால் போதும் என்றார்.

"ஆர் கையெழுத்து வச்சது?" என்று கேட்டேன். கேட்காமல் இருந்திருக்கலாம்.

"அங்க இருக்கிற லைப்ரரி மிஸ்ஸே போட்டாங்க. சிங்கள மிஸ். எனக்கு இங்க ஆள் யாருமில்லன்னு சொன்னேன், பேனாவ எடுத்துட்டாங்க." பிறகு நான் சங்கடப்படுகிறேன் என்று நினைத்தாரோ என்னவோ, குரலைத் தாழ்த்திச் சொன்னார்: "அங்க அந்தச் சட்டம் இல்ல போலிருக்குங்க மிஸ்."

"ஓம், இராமர். அங்கை சட்டம் வேற" என்றேன்.

அதையும் நம்பினார்.