மணி அப்பாவும் இரண்டாம் ஆண்டுத் தமிழும்

பதினோரு வருஷம் ஒரே கல்லூரி வேனில் என் பக்கத்தில் உட்கார்ந்து, அன்பும் சண்டையுமாக வந்த என் அண்ணிக்கு,

சௌக்கியமா என்று கேட்டால் சிரிப்பீர்கள். நாங்கள் சௌக்கியம். அண்ணன் ரசம் வைக்கக் கற்றுக்கொண்டார்; நாங்கள் அதைக் குடிக்கக் கற்றுக்கொண்டு வருகிறோம். உங்களுக்கு ஒரு நல்ல செய்தி இருக்கிறது. நேராகச் சொன்னால் என் மானம் போய்விடும், அதனால் கொஞ்சம் சுற்றி வருகிறேன்.

நீங்கள் தமிழ்த்துறை, நான் கணினித்துறை. வேங்கிக்காலில் வேன் ஏறியதுமே ஆரம்பித்துவிடுவோம். "புரோகிராம் எழுதப் போற பிள்ளைங்களுக்குப் பாட்டு எதுக்கு அண்ணி? அந்த நேரத்துல இன்டர்வியூவுக்குப் பழகினா வேலையாவது கிடைக்கும்" என்பேன். "வேலைக்குப் போனதும் மனுஷங்ககிட்ட பேசணுமே, அதுக்கு என்ன பண்ணுவாங்க?" என்பீர்கள். டிரைவர் பாட்டுச் சத்தத்தைக் கூட்டி வைப்பார்.

நீங்கள் கண்ணை மூடிய பிறகு ஆறு மாதமாக உங்கள் இடம் காலியாகவே கிடந்தது. அதையே சாக்காக வைத்து, இரண்டாம் ஆண்டு கணினி மாணவர்களுக்குத் தமிழை எடுத்துவிட்டு இன்டர்வியூ பயிற்சி வைக்கலாம் என்று கல்விக் குழுவுக்கு எழுதிக் கொடுத்தது யார் தெரியுமா? நான்தான். பாடம் போனால் உங்கள் நாற்காலியும் போய்விடும் என்று தெரிந்தேதான் எழுதினேன். திட்டாதீர்கள், முழுசாகக் கேளுங்கள்.

குழு கூடுவதற்கு இரண்டு நாள் முன்னால் பௌர்ணமி வந்தது. கிரிவலக் கூட்டத்தில் தவறிப்போனவர்களைச் சேர்த்துவைக்க நம் பிள்ளைகள் செங்கம் ரோட்டில், ஆசிரமத்துக்குக் கொஞ்சம் தள்ளி, பந்தல் போட்டிருந்தார்கள். ஒரு மைக், ஒரு லேப்டாப், அதில் நான் தயாரித்த படிவம். முதல் கட்டம் பெயர். அதை நிரப்பாமல் அடுத்த கட்டத்துக்குப் போகவே முடியாதபடி மகா கெட்டிக்காரத்தனமாகச் செய்திருந்தேன்.

சாயங்காலம் கீழ்பென்னாத்தூர்ப் பக்கத்து அம்மா ஒருவர் வந்தார். வயது அறுபது இருக்கும். வீட்டுக்காரரைக் காணோம். இருவருக்கும் ஒரே போன், அதுவும் சார்ஜ் தீர்ந்து இவர் இடுப்பில்தான் இருந்தது.

"அவரு பேரு என்னம்மா?" என்றேன்.

"அத எப்டிங்க என் வாயால சொல்லுவேன்? மணி அப்பான்னு போட்டுக்கோங்க."

மைக்கில் மணி அப்பாவைக் கூப்பிட்டோம். நான்கு மணி அப்பாக்கள் வந்து நின்றார்கள். அந்த அம்மா நான்கு முகத்தையும் பார்த்துவிட்டு அழ ஆரம்பித்தார். எழுதிக் காட்டச் சொன்னால் எழுதத் தெரியாது. எனக்குக் கோபம் வந்துவிட்டது. நீங்கள் அண்ணனைத் தெருமுனை வரை கேட்கும்படி பேர் சொல்லிக் கூப்பிடுவதைக் கேட்டே பழகிய காது ஆயிற்றே என்னுடையது.

இரண்டாம் ஆண்டுத் தேன்மொழி லேப்டாப்பை மூடினாள். "மேடம், அகப்பாட்டுல தலைவன் பேரைச் சொல்லவே மாட்டாங்க. ஆனா அவன் எப்படிப்பட்டவன்னு நமக்குத் தெரிஞ்சிடும். போன வருஷம் தமிழ் மேடம் நடத்தினாங்க." பிறகு அந்த அம்மா பக்கம் திரும்பி, "பேரு வேணாம்மா. அவரப் பத்திச் சொல்லுங்க, போதும்" என்றாள்.

அழுகை நின்றது. "ஜாஸ்தி பேச மாட்டாருங்க. மல்லாட்டைய உரிச்சி உரிச்சி வாயில போட்டுகினே நடப்பாரு. எப்பவும் பத்தடி முன்னாடிதான் போவாரு. ஆனா நான் வரேனான்னு திரும்பித் திரும்பிப் பாப்பாரு. நான் பாக்காத மாதிரி வந்துடுவேன்."

தேன்மொழி அதை அப்படியே மைக்கில் சொன்னாள். ரோட்டில் போனவர்கள் நின்று கேட்டார்கள். கால்மணி நேரத்தில் ஒருவர் கையில் வேர்க்கடலைப் பொட்டலத்தோடு, வெட்கமும் வியர்வையுமாக வந்து சேர்ந்தார். மனைவியிடம் அவர் கேட்ட முதல் கேள்வி: "நான் திரும்பிப் பாக்கறது உனக்குத் தெரியுமா?"

அந்த அம்மா முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு சிரித்தார். எனக்குக் கண் நிறைந்துவிட்டது, அண்ணி. அந்தப் படிவத்தில் பத்துக் கட்டம் போட்டிருந்தேன். இதைக் கேட்க ஒரு கட்டம் போட எனக்கு ஏன் தோன்றவில்லை?

கல்விக் குழுவில் என் கடிதத்தை நானே திரும்ப வாங்கிக்கொண்டேன். பிரின்சிபால் கண்ணாடியைக் கழற்றிவிட்டு என்னைப் பார்த்தார். "என்ன மேடம், நீங்க எழுதினதுதானே இது?"

"ஆமா சார், தப்பா எழுதிட்டேன். எங்க பிள்ளைங்களுக்குத் தமிழ் வேணும். ஒரு மணி நேரம்கூட கம்மி பண்ணாதீங்க."

பாடம் பிழைத்தது. உங்கள் இடத்துக்குத் திங்கட்கிழமை ஒரு பெண் வருகிறாள். இலக்கியம் இல்லாத படிப்பு முழுமையாகுமா என்று ஊருக்கே தீர்ப்புச் சொல்ல எனக்குத் தெரியாது. என் படிப்பு எந்த இடத்தில் நின்றுபோயிருந்தது என்று மட்டும் அந்தப் பந்தலில் தெரிந்துவிட்டது.

நீங்கள் சொன்னதுதான் சரி, அண்ணி. பதினோரு வருஷத்தில் ஒரு நாளாவது இதை உங்கள் முகத்தைப் பார்த்துச் சொல்லியிருக்கலாம். புதிதாக வருகிறவளோடும் நான் சண்டை போடத்தான் போகிறேன், என் குணம் எங்கே போகும்? ஆனால் அவள் சொல்வது சரி என்று பட்டால் அன்றைக்கே அவளிடம் சொல்லிவிடுவேன். இது உங்கள் மேல் ஆணை.

உங்கள் வாயாடி நாத்தனார்,
கலா