கேளாமலே வியர்த்த உடம்பு

என் அருமை அண்ணா,

நீங்கள் போய் ஒரு வருசம் ஆகப்போகிறது. அண்ணி சுகம். மூத்தவன்தான் இப்போது தம்பலகாமத்து வயலைச் செய்கிறான். உங்களிடம் சொல்ல ஒரு கதை இருக்கிறது. அதற்கு முன் எழுபதுகளின் தொடக்கத்தில் வந்த அந்தக் காலையை ஒருமுறை நினைத்துப் பார்க்கிறேன்.

நெல்லுக்குப் பூச்சிமருந்து அடித்துக்கொண்டு நின்றீர்கள். காற்றுத் திரும்பி மருந்து முகத்தில் பட்டது. முதுகில் மாட்டியிருந்த மருந்துத் தாங்கியும் ஒழுகிச் சட்டையை நனைத்தது. ட்ரக்டர் பெட்டியில் கிடத்தித் திருகோணமலை ஆசுப்பத்திரிக்குக் கொண்டுவந்தார்கள். அங்கே நோயாளர் வாட்டில் தாதியாக, எல்லோரும் கூப்பிடுகிற 'மிஸி'யாக, நின்றது நான்தான்.

மழையில் நனைந்தவர் போல வியர்த்திருந்தீர்கள். வாயால் எச்சில், கண்ணால் நீர். நெஞ்சு கறகறத்தது. கையைப் பிடித்துப் பார்த்தால் நாடி நின்று நின்று அடித்தது. கண்மணி ஊசிமுனை அளவுக்குச் சுருங்கியிருந்தது.

வாசலில் நின்ற அண்ணி, "இவர் ஏன் அழுறார்? நோகுதோ?" என்று கேட்டா.

"அழேல்ல அண்ணி, கண் தானாச் சுரக்குது," என்றேன். ஏன் என்று எனக்கே அப்போது விளங்கவில்லை.

டொக்டர் அத்திரோப்பீன் ஊசி போடச் சொன்னார். போட்டோம், திரும்பவும் போட்டோம். "நெஞ்சுச் சளி காயுமட்டும் நிப்பாட்ட ஏலாது, மிஸி," என்றார். மத்தியானம் கடந்துதான் நாடி ஏறியது. நீங்கள் கண்ணைத் திறந்து, "தங்கச்சி, நாக்கு ஒட்டுது," என்றீர்கள். டொக்டர் சிரித்தார். அவர் காத்திருந்தது அந்த வறண்ட வாய்க்குத்தான்.

எழும்பி இருக்கத் தொடங்கியதும் அவரை விட்டீர்களா?

"நான் ஒண்டும் கேக்கேல்லயே டொக்டர். ஆர் என்ர உடம்பை இப்பிடி நடத்தினது?"

அவர் உங்கள் கட்டிலிலேயே இருந்து விளங்கப்படுத்தினார். எங்களைக் கேளாமலே வேலை செய்கிற தன்னாட்சி நரம்புகள் இரண்டு வகை. ஓடவும் எதிர்க்கவும் உடம்பை ஆயத்தமாக்குவது பரிவு நரம்பு. ஆறவும் சாப்பாடு செமிக்கவும் வைப்பது பரபரிவு நரம்பு. பரபரிவு நரம்பின் நுனியில் அசற்றைல்கோலின் என்ற இரசாயனம் கசிந்து, "சுர" என்று எச்சில் சுரப்பிக்கும், "மெதுவாய்" என்று இதயத்துக்கும் சொல்லும். சொல்லி முடிந்ததும் ஒரு நொதியம் வந்து அதை வெட்டிப்போடும். பூச்சிமருந்து அந்த நொதியத்தைக் கட்டிப்போட்டுவிட்டது. அதனால் சொன்ன கட்டளை ஓயவே இல்லை.

"அப்ப ஊசி மருந்து விஷத்தை எடுத்துப்போட்டுதோ?"

"இல்லை அண்ணை. அசற்றைல்கோலின் வந்து இருக்கிற இடத்தில இது முந்திப் போய் இருந்துகொண்டுது. ஊமத்தையிலயும் இந்தச் சரக்கு இருக்கு."

"எங்கட வேலியில நிக்கிற ஊமத்தையோ?" என்று வாயைப் பிளந்தீர்கள்.

வீட்டுக்குப் போன பிறகும் அந்த வியப்பு உங்களை விடவில்லை. நாயைக் கண்ட பூனை மயிர் சிலிர்த்தால், "பாருங்கோ, பரிவு!" என்பீர்கள். எத்தனையோ நெற்போகம் அப்படிச் சிரித்துக் கழித்தீர்கள்.

போன வருசம் மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு கதிரையில் சாய்ந்தவர் எழும்பவில்லை. இதயம் நின்றுவிட்டது என்றார்கள். அதுவரை குடல் தன்பாட்டில் செமித்துக்கொண்டுதான் இருந்திருக்கும், இல்லையா?

செய்தி வந்தபோது என் வாய் வறண்டது, நெஞ்சு படபடத்தது, உள்ளங்கை நனைந்தது. எல்லாம் பரிவு நரம்பின் வேலை என்று நினைத்திருந்தேன். இந்தக் கிழமை புதிதாக வந்த டொக்டரிடம் கேட்டேன். ஓம், வியர்க்கச் சொல்வதும் பரிவு நரம்புதானாம். ஆனால் மற்றப் பரிவு நுனிகளில் பெரும்பாலும் கசிவது வேறொன்று, வியர்வைச் சுரப்பியின் நுனியில் மட்டும் அதே அசற்றைல்கோலினாம்! உங்களைக் கொல்லப் பார்த்த அந்தத் துளிதான் அன்றைக்கு உங்களுக்காக என் கையை நனைத்திருக்கிறது.

"வியர்வைக்கு மட்டும் ஏன் அப்பிடி?" என்றேன். "அது எனக்கும் தெரியாது, மிஸி," என்றார்.

நான் விடப்போவதில்லை அண்ணா. அடுத்த போகத்துக்கு முன் ஊருக்கு வந்து, மருந்தடிக்கிற எல்லோரையும் கூட்டி, உடம்புக்குள் நடப்பதைச் சொல்லுவேன். அவர்கள் கேட்கிற கேள்விகளுக்கு மறுமொழி தெரியாவிட்டால், தெரியாது என்று சொல்லிவிட்டுத் தேடுவேன்.

உங்களோடு பிறந்ததில் பெருமைப்படும்,
தங்கச்சி