மூன்றா, பதினொன்றா?

அன்பு மகனுக்கு,

அம்மா எழுதுவது. நீ உடம்புக்கு ஒன்றும் இல்லாமல், நேரத்துக்குச் சாப்பிட்டுக்கொண்டு நன்றாக இருக்கிறாய் என்று நம்புகிறேன். இங்கே எல்லோரும் நலம் என்றுதான் ஆரம்பித்தேன், அப்படி எழுதலாமா அம்மா என்று உன் தங்கை பேனாவை நிறுத்திவிட்டாள். நான் சொல்லச் சொல்ல அவள்தான் எழுதுகிறாள், என் பேச்சையெல்லாம் புத்தகத் தமிழாக்கிவிடுகிறாள், அதனால் யாரோ டீச்சர் எழுதியது போல இருந்தால் பயந்துவிடாதே.

போன ஞாயிற்றுக்கிழமை நீ அங்கிருந்தும் அப்பா இங்கிருந்தும் வீடியோ கேமில் கார் பந்தயம் ஆடும்போது அவர் சுரங்கப்பாதைக்குள் போய்ப் போய் மோதினாரே, நீயும் சிரித்துவிட்டு, டிவியில எச்டிஆர்ங்கிற வெளிச்ச அளவைச் சரியா வைக்கலப்பா, இதையெல்லாம் மாத்துங்க என்று ஒரு பட்டியல் அனுப்பினாய் அல்லவா, அதை எடுத்துக்கொண்டு மறுநாள் சாயங்காலம் ஸ்கூல் வேனை நிறுத்திய கையோடு உட்கார்ந்துவிட்டார். கேம் மோடு வைத்தோம். மின்சாரம் மிச்சம் பிடிக்கிற வசதியை அணைத்தோம், படம் பளிச்சென்று ஆகி, சுவரில் இருக்கிற அழுக்கு வரைக்கும் தெரிந்தது. அதுவரை சரி. அப்புறம் கறுப்புத் திரையில் ஒரு சின்னச் சூரியன் வரும், பொத்தானை அழுத்த அழுத்த மங்கும், தெரிந்தும் தெரியாமலும் இருக்கிற இடத்தில் நிறுத்தவேண்டும் என்று எழுதியிருந்தாயே, அங்கேதான் எனக்குத் தலை சுற்றியது. மூன்று தடவை அழுத்தியதுமே அப்பா, போச்சு, ஒண்ணும் தெரியல, நிறுத்து என்றார். உன் தங்கையோ, விளையாடாதீங்கப்பா, நல்லாத் தெரியுதே என்று அழுத்திக்கொண்டே போய்ப் பதினொன்றில் நிறுத்தினாள். எனக்கு ஒன்பது வரை தெரிந்தது. ஆளுக்கொரு சூரியன் என்றால் டிவியை யாருக்காக வைப்பது, நீயே ஒரு எண்ணைச் சொல்லியிருக்கக் கூடாதா? அப்பா மூக்குக்கண்ணாடியைத் துடைத்தார், ஜன்னலைச் சாத்தினார், நாற்காலியை டிவிக்குப் பக்கத்தில் இழுத்துப் போட்டார், மறுபடியும் மூன்றுதான். டிவி போய்விட்டது என்று மெக்கானிக்கைக் கூப்பிட்டார். அவர் எல்லாவற்றையும் பார்த்துவிட்டு, டிவி குத்துக்கல்லாட்டம் இருக்கு சார், பாப்பா வச்சதுதான் சரி என்று சொல்லிவிட்டுப் போனார். தினமும் அந்த வேனில் ஏறி இறங்குகிற பதினாறு பிள்ளைகளும் என் கண்முன்னால் வந்து நின்றார்கள். வாயைத் திறந்து சொல்லத்தான் வரவில்லை.

சொல்ல வேண்டிய வேலையையும் அவர் எனக்கு வைக்கவில்லை. காலையில் வேனில் ஏறி உட்கார்ந்தவர் உன் தங்கையைக் கூப்பிட்டு, தெருக்கோடியில் நிற்கிற வெள்ளைக் காரின் நம்பரைப் படிக்கச் சொன்னார். அவள் படித்தாள். அவர் கொஞ்ச நேரம் அந்தப் பக்கமே பார்த்துவிட்டு இறங்கிவந்து, ஸ்கூலுக்கு போன் செய்து காய்ச்சல் என்று சொல்லி மாற்று டிரைவரை அனுப்பச் சொன்னார். ஏங்க பொய் சொல்றீங்க என்றேன், உண்மையைச் சொன்னா நாளைக்கே என் சீட்ல வேற ஆள் நிரந்தரமா உட்கார்ந்துடுவான்டி என்றார். அவர் சொல்வதும் சரியாகப் படுகிறது, பொய் சொல்வது தப்பு என்றும் படுகிறது, எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. வியாழக்கிழமை கண் ஆஸ்பத்திரிக்குப் போகிறோம். பக்கத்து வீட்டு நர்ஸ், புரையா இருந்தா எடுத்துடலாம் அக்கா என்கிறாள். வேறு ஏதாவதாக இருந்தால் என்ன செய்வது என்று அவளிடம் கேட்க எனக்குத் தைரியம் வரவில்லை.

டிவியை மூன்றிலேயே வைக்கட்டுமா என்று அப்பாவிடம் கேட்டேன். பதினொண்ணுலயே இருக்கட்டும், நான் அங்க வந்து சேர்றேன் என்றார்.

நீ நூறு வயசு நல்லபடியாக இருக்கவேண்டும். மறக்காமல் ஞாயிற்றுக்கிழமை அவரை ஆடக் கூப்பிடு. கண்ணைப் பற்றி நீயாகக் கேட்காதே, அவராகச் சொல்லட்டும். பாவம் என்று விட்டுக்கொடுத்துத் தோற்றுவிடாதே, கண்டுபிடித்துவிடுவார்.

என்றும் உன் நினைவாகவே இருக்கும்
அம்மா