பூட்டு மாமா கடை நிரந்தரமாக மூடப்பட்டது

அன்பு மகனுக்கு,

உன் அப்பாவின் முழங்காலைத் தவிர இங்கே எல்லோரும் நலம், நீயும் வேளைக்குச் சாப்பிட்டு நலமாக இருப்பாய் என்றே நினைத்துக்கொள்கிறேன். உன் அம்மா இப்போது சாதாரண ஆள் இல்லை கண்ணா, கன்டென்ட் பார்ட்னர். இணையத்தில் தேடினால் பக்கத்தில் எந்தக் கடை இருக்கிறது, எத்தனை மணிக்குத் திறக்கும் என்று காட்டுகிறதே, நம் வட்டாரத்துக்கு அந்த விவரமெல்லாம் சேகரித்து அனுப்புகிற பொறுப்பு என்னுடையது. கம்பெனியிலிருந்து சான்றிதழ்கூட வந்தது, உன் அப்பா அதை இரண்டு தடவை படித்துவிட்டு சம்பளம் என்கிற வார்த்தையையே காணோமே என்றார், அவருக்கு வயிற்றெரிச்சல். விவரம் கேட்டு நேரில் போனபோது சலவைக்கடைக்காரர் என்னை வரி அலுவலகத்து ஆள் என்று நினைத்து ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டார். பல் டாக்டர் மட்டும் நான் போனதும் எழுந்து நின்றார் தெரியுமா.

இதில்தான் ஒரு வினை வந்து சேர்ந்தது. ஒவ்வொரு கடைக்கும் ஃபோன் செய்து நேரத்தை உறுதிப்படுத்த வேண்டும், மூன்று அழைப்புக்கும் பதில் இல்லையென்றால் நிரந்தரமாக மூடப்பட்டது என்று போட வேண்டும், அது விதி. பூட்டு சாவி ரிப்பேர் கடை வைத்திருக்கிற என் தம்பி, உன் பூட்டு மாமா, அவனுக்கும் முறைப்படி மூன்று முறை அழைத்தேன். நீ வெளிநாடு கிளம்பியபோது ஒரே பிள்ளையை அனுப்பிட்டு அப்புறம் புலம்பாதேக்கா என்று அவன் சொல்ல, உன் வேலையைப் பார்த்துக்கிட்டு போடா என்று நான் சொல்ல, ஆறு வருஷமாக எங்களுக்குள் பேச்சுவார்த்தை இல்லையே, என் நம்பரைப் பார்த்தால் எடுப்பானா? விதி விதிதான் என்று போட்டுவிட்டேன். கொஞ்சம் திருப்தியாகவும் இருந்தது, உன்னிடம் மறைப்பானேன்.

பத்து நாள் அவன் கடைக்கு ஈ காக்காய்கூட வரவில்லையாம். எதிர்க்கடைக்காரர் ஃபோனில் காட்டிய பிறகுதான் அவனுக்கு விஷயமே தெரிந்திருக்கிறது. கையெல்லாம் இரும்புத் தூளோடு நேரே வீட்டுக்கு வந்து, நான் குத்துக்கல்லாட்டம் கடையில உட்கார்ந்திருக்கேன், எனக்கு மூடுவிழா நடத்த நீ யாருக்கா என்று கத்தினான். ஃபோனை எடுத்திருந்தா தெரிஞ்சிருக்கும் என்று நானும் கத்தினேன். கத்திக் களைத்து நாற்காலியில் உட்கார்ந்தவன், பையன் எப்படி இருக்கான் என்று கேட்டான். எனக்கு அழுகை வந்துவிட்டது. அவன் சொன்ன மாதிரியே ஆறு வருஷமாகப் புலம்பிக்கொண்டுதான் இருக்கிறேன் என்பதையும் ஒப்புக்கொண்டேன். அன்றைக்கே திருத்தம் எழுதிப் போட்டேன், பரிசீலனையில் இருக்கிறது என்று பதில் வந்தது. அதுமுதல் தினமும் கடையைப் பூட்டிவிட்டு இங்கே வந்து, சரியாயிடுச்சாக்கா என்று கேட்டு, டீ குடித்து, உன் அப்பாவோடு செய்தி பார்த்துவிட்டுப் போகிறான். போன செவ்வாய்க்கிழமையே எல்லாம் சரியாகிவிட்டது. அவன் கடையில் பழையபடி ஆட்கள் நிற்கிறார்கள், நானே தெருமுனையிலிருந்து பார்த்தேன். ஆனாலும் அவன் சாயங்காலம் வந்து சரியாயிடுச்சாக்கா என்கிறான், நானும் இன்னும் இல்லடா என்கிறேன்.

உடம்பைப் பார்த்துக்கொள், ஒரு குறையும் இல்லாமல் நீ நன்றாக இருக்க வேண்டும். மாமா உனக்கு ஃபோன் செய்வான், கடை திறந்திருக்கிறது என்றுதானே போட்டிருக்கிறது என்று நீ பாட்டுக்கு உளறி வைக்காதே.

இப்படிக்கு,
உன் அம்மா